மாவுக்கட்டைப் பிரித்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) பற்றிய கட்டுரையில் பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று உணவை விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். நல்லதுதான். ஆனால், பலருக்கும் இந்த நோய் இருப்பதே எங்கேயாவது எலும்பு முறிந்த பிறகுதான் தெரிகிறது. அதற்கப்புறம் என்ன செய்வது என்பது கட்டுரையில் இல்லை.

ஈரம் காயாத ஆத்தங்குடித் தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்த ஆச்சிக்கு மணிக்கட்டு முறிகிறது. மாவுக்கட்டுப் போட்டு, சில வாரங்களில் பிரித்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல், நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் எலும்பின் உறுதியைச் சோதித்தே ஆகவேண்டும். அடுத்த முறிவு இடுப்பில் வரலாம். உயரம் குறைவதும் கூன் விழுவதும் வயசுக்கோளாறு என்று விடக்கூடியவை அல்ல. முதுகெலும்பு வலியே காட்டாமல் நசுங்கியிருக்கலாம்.

முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் கருவியை நம்பி முடிவுக்கு வராதீர்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போக நேர்ந்தாலும் இடுப்பிலும் கீழ்முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பதே சரி. அதில் வரும் டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. கூடவே கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற ஆண்களுக்கும் எலும்புப்புரை வரலாம்.

கால்சியம் மாத்திரை துணைக்குத்தான்; அது மட்டுமே சிகிச்சை ஆகாது. பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது எலும்பு கரைவதைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம். வெறும் வயிற்றில் விழுங்கினாலே இதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. காபியோடு விழுங்கினால் அதிலும் பாதிக்கு மேல் வீண். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்கவேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். நம் ஊரில் அந்த அரைமணி காபியில்லாமல் இருப்பதுதான் பெரும்பாடு! கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு பிறகு போட்டுக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடவேண்டும்.

இன்னொரு தவறு, 60,000 யூனிட் வைட்டமின் டி-யைச் சீட்டில்லாமல் வாங்கி வாரந்தோறும் வருஷக்கணக்கில் சாப்பிடுவது. வழக்கமாக எட்டு வாரம் கொடுத்துப் பிறகு குறைத்துவிடுவார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியில் தொடங்கிச் சிறுநீரகம் வரை கெடும்.

எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை, உடம்பு தேறிவிட்டதென்று தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கக்கூடும். நிறுத்துவதானால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்தால் அடுத்த ஊசித் தேதியை அவர்கள் செல்போனிலும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பல் பிடுங்க வேண்டியிருந்தால் அலென்ட்ரோனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகளைத் தொடங்குமுன்பே முடித்துக்கொள்வது நல்லது.

ஒரு மருந்தாளுநர்,
காரைக்குடி