நீல மாத்திரையும் உங்கள் மெல்லிய இழையும்

எலக்ட்ரோஸ்பின்னிங் என்னும் மின்னழுத்த முறையில், சத்தை உள்ளே பொதிந்த மெல்லிய இழைகள் நூற்கும் உணவு ஆய்வாளர்களுக்கு, வணக்கம்.

நான் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை. வாரம் ஒருமுறை மாணவிகளுக்கு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் என் வேலை. 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மதியச் சாப்பாடு முடிந்ததும் என் கண்ணெதிரேதான் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பின்பக்கச் சன்னலுக்கு வெளியே ஏழெட்டு கிடக்கும், நீலச் சாயம் பாதி கரைந்து. கேட்டால், "வயித்தைப் பிரட்டுது மிஸ்." திட்ட மனம் வராது, பிரட்டத்தான் செய்யும்.

அதனால்தான் உங்கள் இழைகளைப் பற்றிப் படித்ததும், இரும்பை இழைக்குள் பொதிந்து வயிற்றைப் பிரட்டாமல் கொடுக்கலாமே என்று ஆசை வந்தது. ஊசிமுனையில் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் கரைசல் கூம்பாக நீண்டு, தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய நூலாகப் பறந்து, போகிற வழியிலேயே காய்ந்து, தகட்டில் பஞ்சாகப் படிகிறது. ஜெலட்டின் இழை உடல் சூட்டிலேயே இளகிவிடும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் வாயில் தாங்கும், இரைப்பை அமிலத்தில் கரையும். மக்காச்சோளப் புரதமான செய்ன் இன்னும் பிடிவாதக்காரன்.

சரி, இரும்பை உடல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் முன்சிறுகுடலில். இழை சீக்கிரம் அவிழ்ந்தால் மாத்திரை செய்ததையே செய்யும். ரொம்பத் தாக்குப்பிடித்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். இந்தச் சின்ன இடைவெளியை எந்த வயிற்றில் வைத்து அளக்கிறீர்கள்? நான் படித்தவற்றில் பெரும்பாலும் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் ஊற்றிய குவளைதான். என் பிள்ளைகள் வயிற்றில் சாம்பார் சாதமும் முட்டையும் இருக்கும். சாப்பிட்டவுடன் இரைப்பையின் புளிப்பு குறைந்துவிடும். கைட்டோசான் அப்போதும் அதே வேகத்தில் கரையுமா? பருப்பிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் வேறு இரும்பைப் பிடித்துவைக்கும். ஒருநாள் சத்துணவுத் தட்டை அப்படியே அரைத்து ஊற்றிச் சோதித்துப் பாருங்களேன்.

அப்புறம் ஒரு கணக்கு. ஒற்றை ஊசியில் மணிக்கு 1 மில்லி, அதில் 20 சதவீதம் திடப்பொருள், அதில் தாராளமாகப் பத்தில் ஒரு பங்கு இரும்பு என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 மி.கி.தான். ஒரு பெண்ணின் ஒரு வேளைக்கு மூன்று மணி நேரம். நாற்பது பேர் வகுப்புக்கு இராப்பகலாக ஐந்து நாள்! ஊசி இல்லாமல் பெரிய அளவில் நூற்கும் இயந்திரங்களும் உண்டு என்பது தெரியும். ஆனால் கட்டுரையில் இந்தக் கணக்கை ஒரு வரியாவது போடுங்கள். ஹெக்சாஃப்ளூரோ ஐசோபுரோப்பனால் போன்ற நச்சுக் கரைப்பானில் கரைத்து நூற்றதை எங்களுக்குக் கொண்டுவர வேண்டாம். சாராயத்திலோ வினிகர் அமிலத்திலோ கரைவதே போதும்.

நாக்கில் வைத்தால் இரும்பு ருசி தெரியுமா என்பதையும் எழுதுங்கள். என் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை