ஒன்-ஆன்-ஒன் மீட்டிங்ல ஃபார்மை மூடி வைங்க, பேச விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு ஐடி கம்பெனில சப்போர்ட் டீம்ல வேலை பாக்குறேன். ஸ்டாஃபை உற்சாகமா வச்சுக்கணும்னு இப்ப எல்லா கம்பெனியும் ரொம்பவே மெனக்கெடுது, ஃபன் ஃப்ரைடே, எத்னிக் டே, கிஃப்ட் வவுச்சர், வெளியிலேர்ந்து ஆள் கூப்பிட்டு மோட்டிவேஷன் பேச்சு, எல்லாம் நடக்குது. அதெல்லாம் தப்புன்னு சொல்ல வரல. ஆனா மேனேஜரும் டீம்ல இருக்கறவங்களும் தனித்தனியா உக்காந்து பேசுற அந்த ஒன்-ஆன்-ஒன் ஒழுங்கா நடந்தாலே பாதி பிரச்சனை தீந்துடும், அது எங்கயும் ஒழுங்கா நடக்கல, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

எப்படி நடக்குதுன்னு சொல்றேன். வீடியோ கால்ல மேனேஜர் வருவார், ஸ்க்ரீன்ல ஒரு ஃபார்ம் ஓடும். வேலைல ஏதாவது தடங்கல் இருக்கா, ட்ரெய்னிங் வேணுமா, சந்தோஷத்துக்கு அஞ்சுக்கு எவ்ளோ மார்க் போடுவீங்க. நாம சொல்லச் சொல்ல அவர் டைப் பண்ணிட்டே இருப்பார். டைப் பண்றதெல்லாம் அப்ரைசல்ல, அதாவது நம்ம வேலைய மதிப்பிடுற ரிப்போர்ட்ல, வந்து நிக்கும்னு தெரிஞ்சா யாருங்க வாயத் திறப்பா? ஆல் குட் சார்னு சொல்லிட்டு கட் பண்ணிடுவோம். அதுவும் பாதி வாரம் கிளையன்ட் கால் வந்துச்சுன்னு கேன்சல் ஆயிடும்.

எங்க டீம்ல ஒரு தம்பி இருந்தான், நல்ல வேலைக்காரன். ஓசூர்ல அவங்கப்பாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் காலைல டயாலிசிஸ், இவன் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்காம நேரா பஸ் ஏறி அங்க போய் கூட உக்காந்துட்டு, சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி லாகின் பண்ணுவான். ஷிஃப்ட் மாத்தச் சொல்லி போர்ட்டல்ல ரிக்வெஸ்ட் போட்டிருந்தான், அத யாரும் தொறந்துகூட பாக்கல. ஒன்-ஆன்-ஒன்ல அவனும் ஆல் குட்தான். கடைசில பேப்பர் போட்டான், அப்புறம்தான் எக்ஸிட் இன்டர்வ்யூல ஹெச்ஆர் பொறுமையா உக்கார வச்சு ஏன் போறீங்கன்னு கேட்டாங்க, அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னான். இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னன்னா, அலவன்ஸுக்காக நைட் ஷிஃப்ட் குடுங்கன்னு கேட்டுட்டிருந்த இன்னொரு பையன் அவனுக்குப் பக்கத்து சீட்லயே இருந்தான், முன்னாடியே யாராவது வாயத் தொறந்து கேட்டிருந்தா பத்து நிமிஷத்துல மாத்தி விட்டிருக்கலாம். போறவங்கள உக்கார வச்சுக் கேக்க நேரம் இருக்கு, இருக்கறவங்களக் கேக்க இல்லையா?

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்ல. அமெரிக்கால சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோட ஹாதார்ன் ஃபேக்டரில 1924-ல லைட் வெளிச்சத்தக் கூட்டி குறைச்சு வேலை எப்படி மாறுதுன்னு பாக்க ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க, மேனேஜ்மென்ட் படிச்ச எல்லாருக்கும் அது தெரியும். எனக்கு முக்கியமா படுறது அதே ஃபேக்டரில 1928-லேர்ந்து தொழிலாளர்கள்கிட்ட எடுத்த இன்டர்வ்யூ, 20 ஆயிரம் பேருக்கு மேல பேசியிருக்காங்க. மொதல்ல கையில கேள்வி லிஸ்ட் வச்சுக்கிட்டுதான் போனாங்க, ஆனா தொழிலாளிங்க அத விட்டுட்டு அவங்களுக்கு முக்கியம்னு பட்டதையே பேசினதால லிஸ்ட்ட கீழ வச்சுட்டு பேசுறத கேக்க ஆரம்பிச்சாங்க, அரை மணி நேரம் நடந்த இன்டர்வ்யூ ஒன்றரை மணி நேரம் வரைக்கும் போச்சு. நூறு வருஷம் கழிச்சு நாம அந்த லிஸ்ட்ட மறுபடி கையில எடுத்திருக்கோம்.

சம்பளம் நல்லா குடுத்தா போதும்னு சிலர் சொல்வாங்க. சம்பளம் வேணும், அதுல எந்த சமரசமும் கிடையாது. ஆனா ஹெர்ஸ்பெர்க்னு ஒரு மனோதத்துவ நிபுணர் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 இன்ஜினியர், அக்கவுண்டன்ட்டுங்ககிட்ட பேசிட்டு 1959-லயே எழுதினார், சம்பளமும் வசதியும் குறைஞ்சா ஆளுங்க வெறுத்துப் போவாங்க, அது சரியா இருக்கறதால மட்டும் வேலைல ஈடுபாடு வந்துடாதுன்னு.

முன்னாடி எனக்கு லீடா இருந்த ஒரு அக்கா, கேஜிஎஃப்காரங்க, மாரிக்குப்பம் ட்ரெயின்லதான் வந்து போவாங்க. லேப்டாப்ப மூடி வச்சுட்டு, வா ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்னு ஆபீஸ் கேட்டுக்கு வெளிய இருக்கிற பேக்கரிக்கு கூட்டிட்டுப் போவாங்க, அவங்க அதிகம் பேச மாட்டாங்க, நாமதான் பேசுவோம். அங்க சொன்னது எந்த ஃபைல்லயும் ஏறாது, ஆனா அடுத்த ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட்னு போடுற லிஸ்ட்) வரும்போது மாறியிருக்கும். அவங்க டீம்லேர்ந்து ஆள் போறதே அபூர்வம்.

மேனேஜர்கள மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தருக்குக் கீழ இருபது முப்பது பேரக் குடுத்துட்டு, அவரையும் டிக்கெட் (கஸ்டமர் அனுப்புற புகார்) பாக்கச் சொன்னா எப்ப பேசுவார்? ஆள் எண்ணிக்கைய குறைங்க, பேசுற நேரத்தையும் வேலை நேரமா கணக்குல எடுங்க, அங்க பேசுறது அப்ரைசலுக்குப் போகாதுன்னு எழுத்துல குடுங்க. இன்னொண்ணு, ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, செக்யூரிட்டி அண்ணன்மாருங்க, கேப் டிரைவருங்க, இவங்கள்ல நிறைய பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரங்க, கான்ட்ராக்ட்ல இருக்கறதால ஒன்-ஆன்-ஒன்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. ஏஜென்சி சூப்பர்வைசர் அட்டெண்டன்ஸ் பாத்துட்டு போயிடுறார். இத ஆரம்பிக்கிற கம்பெனி அவங்களையும் சேத்தே ஆரம்பிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு