ஆமை வாய் திறக்கும் பக்கம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இடது கண்ணில் புரை எடுத்தார்கள்; கொஞ்ச நாள் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள்தான் உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். பள்ளி நூலகம் உன் பொறுப்புக்கு வந்திருக்கிறது என்ற வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. நீ கேட்டதற்கெல்லாம் விரிவாகவே எழுதுகிறேன்.

படப் புத்தகத்தை இரண்டே நிமிஷத்தில் புரட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டு வந்து நிற்கிறார்கள், இதை வாசிப்பு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். எழுத்தை மட்டும் பார்த்தால் இரண்டு நிமிஷம்தான். பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. படத்தை வாசிக்க அவர்களை யாரும் பழக்கவில்லை, அதுதான் விஷயம். வகுப்பில் படம் என்றால் பாடத்தின் ஓரத்தில் ஒட்டிய அலங்காரம். நூலகத்தில் அது அப்படி இல்லை என்று முதலில் நாம் செய்து காட்ட வேண்டும்.

ஆமையும் இரண்டு அன்னங்களும் கதையை எடுத்துக்கொள். குளம் வற்றுகிறது. அன்னங்கள் ஒரு குச்சியின் இரு முனைகளையும் அலகில் பிடிக்க, ஆமை நடுவில் கடித்துத் தொங்குகிறது. வாயைத் திறக்கக் கூடாது. கீழே இருப்பவர்கள் பார்த்துக் கத்துகிறார்கள். ஆமை வாயைத் திறக்கிறது. விவரம் தெரிந்த ஓவியர் வாய் திறப்பதை வலது பக்கத்தில் வரைவார்; விழுவதைப் பார்க்கப் பக்கத்தைத் திருப்பியாக வேண்டும். கதையின் உயிர் அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. அங்கே வந்ததும் நான் தாளின் மூலையைப் பிடித்தபடி அப்படியே நிறுத்திவிடுவேன். அறையில் சத்தமே இருக்காது. சில குழந்தைகள் தங்கள் வாயைக் கையால் பொத்திக்கொள்வார்கள்.

ஒரு தடவை அப்படி நிறுத்தியபோது பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "முந்தின பக்கத்துக்குப் போங்க டீச்சர்" என்றான். போனேன். "அங்கேயே குச்சி வளைஞ்சிருக்கு பாருங்க" என்றான். உண்மைதான், மெல்லிய வளைவு. பக்கத்தில் இருந்த பெண் அதை விடவில்லை. ஆமையின் கண் அதற்கும் முந்தின பக்கத்திலிருந்தே கீழே இருப்பவர்களைத்தான் பார்க்கிறது என்று காட்டினாள். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் போய் ஆமைக்கு எப்போது கோபம் வர ஆரம்பித்தது என்று தேடினோம். பீரியட் முடிந்து மணி அடித்துவிட்டது. அந்தப் புத்தகத்தில் எழுத்து மொத்தம் ஒரு பக்கத்துக்குக்கூட வராது.

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். புத்தகத்தை மார்புக்கு முன்னால் பிடித்தால் படம் உனக்கும் தெரியாது, ஓரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது. தோளுக்குப் பக்கத்தில் விரித்துப் பிடி, பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வை. எழுத்தை வாசித்து முடித்த கையோடு பக்கத்தைத் திருப்பாதே. நாம் வாசித்து முடித்த பிறகுதான் அவர்கள் பார்க்கவே ஆரம்பிக்கிறார்கள். இங்கே என்ன நடக்கிறது, எதை வைத்து அப்படிச் சொல்கிறாய், இந்த இரண்டு கேள்வி போதும். 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். படப் புத்தகம் வாசிக்கும்போது ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்டு, குழந்தை சொல்வதை விரித்துப் பேசும்படி பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. பேசவேண்டியது குழந்தை என்பதை நான் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

கதையை முதலில் வாயால் சொல்லலாமா, படத்தோடு தொடங்கலாமா என்று நீ குழம்புவது நியாயம். நான் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்வேன். சில புத்தகங்களில் எழுத்து ஒன்று சொல்லும், படம் அதற்கு மேலே வேறொன்று சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் கதை. அவற்றைப் படமில்லாமல் வாசிப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் வாய்மொழியாக வந்த கதைக்கு முதலில் வெறும் குரல்தான் சரி என்பது என் எண்ணம். படத்தைக் காட்டிவிட்டால் அந்த ஆமைதான் ஆமை. சொல்லிவிட்டு, கண்ணை மூடி அவரவர் ஆமையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு புத்தகத்தை விரித்தால், ஓவியர் வரைந்தது பல ஆமைகளில் ஓர் ஆமையாகிவிடும். "எங்க ஆமை இதைவிடக் கிழம்" என்று சொல்லும் தைரியம் வரும்.

சரி, பெரிய வகுப்புப் பிள்ளைகள் "இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்று ஒதுங்குகிறார்களே என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு இதே ஆமை எவ்வளவு தூரம் பயணம் போயிருக்கிறது என்று சொல்லிப் பார். இந்தக் கதை வரும் பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குப் போனது. அங்கிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃப்பா அதை 'கலீலா வ திம்னா' என்று அரபியில் எழுதினார். விலங்குகளின் படங்களைப் பல நிறங்களில் காட்டுவது அரசர்களின் மனத்தை மகிழ்விக்க என்று அந்த நூலின் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறார். அரசர்களுக்காக வரையச் சொன்ன படங்களைச் சின்னப் பசங்களுக்கானது என்று எந்தப் பையன் தள்ளுவான்! ஜாவாவில் மெண்டுட் என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டுடையது. அதன் சுவர்ச் சிற்பங்களில் இரண்டு பறவைகளும் குச்சியில் தொங்கும் ஆமையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சிற்பத்தின் படம் கிடைத்தால் பெரிதாக அச்செடுத்து நூலகத்தில் ஒட்டிவை.

அதன்பிறகு ஒரு வேலை கொடு. ஆமை ஏன் வாயைத் திறந்தது? பஞ்சதந்திரத்தில், இது என்ன கூச்சல் என்று கேட்க. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையில், "என் நண்பர்கள் என்னைத் தூக்கிப்போனால் உங்களுக்கு என்ன" என்று கீழே கேலி செய்யும் பிள்ளைகளுக்குப் பதில் கொடுக்க. அதில் ஆமை விழுவது அரண்மனை முற்றத்தில். ஓயாமல் பேசும் ஓர் அரசனுக்குப் புத்தி சொல்ல அந்தச் சம்பவம் பயன்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் பாடியதில் அன்னங்கள் வாத்துகளாகிவிட்டன, குளமும் வற்றவில்லை. ஆமைக்கு ஊர் சுற்றிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். கீழே இருப்பவர்கள் 'ஆமைகளின் ராணி போகிறாள்' என்று ஆச்சரியப்பட, 'ஆமாம், நான் ராணிதான்' என்று பெருமையடிக்க வாய் திறக்கிறது. எரிச்சல், கோபம், பெருமை என்று ஒவ்வொரு ஊரிலும் ஆமை ஒவ்வொரு காரணத்துக்காக விழுந்திருக்கிறது. பெரிய பிள்ளைகளை இரண்டு மூன்று குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு வடிவத்தைப் படித்துவந்து சின்ன வகுப்புக்குச் சொல்லச் சொன்னால் போதும். ஒதுங்கி நின்றவர்கள் தாங்களாகவே வருவார்கள்.

இதில் ஒன்றை மட்டும் உன்னிடம் மன்றாடிக் கேட்கிறேன். கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது?" என்று கேட்காதே. தலைமையாசிரியர் கேட்கச் சொன்னாலும் கேட்காதே. இந்தக் கதைக்கு வழக்கமாகச் சொல்லும் நீதி, வாயை மூடிக்கொண்டிரு என்பது. நாள் முழுக்க 'பேசாதே' என்று கேட்டுவிட்டு நூலகத்துக்கு வரும் பிள்ளையிடம் கதையும் அதையே சொன்னால் அவள் ஏன் திரும்பி வரவேண்டும்? நீதி கேட்காமல் விட்ட ஒரு நாள், வழக்கமாகப் பேசவே பேசாத ஒரு சிறுமி எழுந்து, "கீழே இருந்தவங்க ஏன் சிரிச்சாங்க? அவங்க சிரிக்கலேன்னா ஆமை போய்ச் சேர்ந்திருக்கும்ல?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷமாகச் சொல்லிவரும் கதையில் சிரித்தவர்களைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

கொடூரமான இடங்களை வெட்டலாமா என்றால், வயதைப் பார்த்து வெட்டு, மனம் உறுத்த வேண்டாம். சொல்பவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். ஆகையால் 'சரியான' வடிவம் என்று ஒன்றைத் தேடி நீ அலைய வேண்டாம். ஆனால் உன் வகுப்பில் சித்தியோடு வளரும் பிள்ளை இருந்தால் இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்று அதற்கு முன்னால் நன்றாக யோசி.

புத்தகம் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்ப்பேன். கெட்டவர்கள் எல்லாம் கறுப்பு, நல்லவர்கள் எல்லாம் சிவப்பு என்று வரைந்திருந்தால், எவ்வளவு அழகான அச்சாக இருந்தாலும் அதை அலமாரியில் வைக்க மாட்டேன். படம் மனத்தில் தங்கிவிடும், பிறகு எந்த அறிவுரையாலும் அதை அழிக்க முடியாது. அடுத்தது, 'ஒரு நாட்டுப்புறக் கதை' என்று மொட்டையாகப் போட்டிருக்கிறதா, எந்த மக்களுடைய கதை, யார் சொன்னது, யார் எழுதியது, யார் வரைந்தது என்று விவரம் இருக்கிறதா என்பது. கதைக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அடுக்குவது பற்றி ஒரு வார்த்தை. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூயி பகுப்பின்படி அடுக்கினால் நாட்டுப்புறக் கதைகள் 398.2-க்குப் போய்விடும், படப் புத்தகங்கள் வேறொரு மூலையில் இருக்கும். பதிவேட்டில் எண் அப்படியே இருக்கட்டும். ஒரே கதையின் வெவ்வேறு வடிவங்களை மட்டும் வாராவாரம் எடுத்து ஒரு தட்டில் அட்டை தெரிய வை. முதுகு மட்டும் தெரிந்தால் மெலிந்த படப் புத்தகம் யார் கண்ணிலும் படாது. கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். நூல்கள் பயன்படுவதற்கே என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இலேயே தன் முதல் விதியாக எழுதிவிட்டார், பிறகு அலமாரிக்குப் பூட்டு எதற்கு?

அப்புறம், எனக்கு ஓர் உதவி. உன் அம்மா நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஏழு அண்ணன்களும் ஒரு தங்கையும் கதை சொல்வார்களே, தங்கை மரமாகிப்போவாள், அண்ணன்கள் பூப்பறிக்க வரும்போது மரம் பேசும். அம்மா சொன்ன அந்த வடிவத்தை நான் எந்தத் தொகுப்பிலும் பார்த்ததில்லை. நடுவில் ஒரு பாட்டு வரும், அதில் எனக்கு முதல் அடிதான் நினைவிருக்கிறது. அம்மா தெம்பாக இருக்கும் ஒரு நாளில் போனில் பதிவு செய்து அனுப்பு. அவர்கள் இழுத்து நிறுத்தும் இடங்கள் எல்லாம் அப்படியே வேண்டும், எழுதி அனுப்பினால் அது கிடைக்காது. உன் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டு, அவர்களையே படம் வரையச் சொல். எட்டுத் தாளை நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்கம், பெரும்பாலான படப் புத்தகங்களின் கணக்கும் அதுதான். மரம் பேசுகிற இடம் மட்டும் பக்கத்தைத் திருப்பிய பிறகு வரட்டும். அட்டையில் அம்மா பெயரைப் பெரிதாகப் போடுங்கள்.

அம்மாவை மிகவும் கேட்டதாகச் சொல். விடுமுறை எப்போது தொடங்குகிறது என்று எழுது, கண் டாக்டர் அனுமதித்தால் நான் அங்கே வந்து உன் அலமாரியைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி