தபால் ஆபீஸ் வாசலுக்கு ஒரு கொட்டகை: நன்கொடை வேண்டுகோள்

ஊர் மக்களுக்கும், திருப்பூர், சென்னை, வளைகுடா என்று பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கிளை அஞ்சலகம் போஸ்ட்மாஸ்டர் அம்மா வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. கிராமக் கிளைக்கு இடம் பார்த்துக்கொள்வது அங்கே வேலை பார்ப்பவர் பாடு. நாலு பேர் வந்துவிட்டால் ஐந்தாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டும். மழை பிடித்தால் தபால்காரர் கட்டுகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடுகிறார்.

கடிதம் குறைந்துபோச்சே, இன்னும் என்ன வேலை என்று கேட்பவர்கள், உதவித்தொகை வரும் நாளில் தபால்காரர் பின்னால் ஒரு தெரு நடந்து பாருங்கள். 2018இல் அஞ்சல் துறை பேமென்ட்ஸ் வங்கி வந்ததிலிருந்து கைரேகைக் கருவியும் அவர் பையில் இருக்கிறது. காலமெல்லாம் களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை லேசில் விழாது. ஈரத்துணியால் துடைத்து, கட்டைவிரல், சுட்டுவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, "இன்னொரு தடவை அழுத்துங்க ஆத்தா" என்பார். பணத்தை எண்ணிக் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்த வீடு. 2020 ஊரடங்கில் நடமாட முடியாதவர்களுக்குப் பணம் வீடு தேடி வந்ததும் இப்படித்தான்.

குன்னூர்ப் பக்கம் காட்டு வழியில் தினமும் 15 கி.மீ. நடந்த தபால்காரர் சிவன் ஓய்வு பெற்றபோது நாடே பாராட்டியது. நம்மவரை யானை துரத்துவதில்லை, தெருநாய்தான். ஆனால் கிராமத் தபால் ஊழியருக்கு நாலு அல்லது ஐந்து மணி நேர வேலை என்று கணக்கிட்டுத்தான் சம்பளம். நிரந்தர ஊழியருக்குள்ள ஓய்வூதியமும் கிடையாது.

இவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தோம். அரசு வேலையில் இருப்பவர் கையில் பணம் கொடுப்பது முறையல்ல. சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதில் குழுவில் பலருக்கு இஷ்டமில்லை. எனவே, ஊராட்சி அனுமதியோடு திண்ணைக்கு எதிரே உள்ள பொது இடத்தில் தகரக் கூரைக் கொட்டகை போடுகிறோம். உட்கார இரண்டு சிமென்ட் பெஞ்சு, தபால் பிரிக்க ஒரு கடப்பாக்கல் மேடை, சைக்கிள் நனையாமல் நிற்க ஓர் ஓரம். கொத்தனார் போட்ட கணக்கு 90,000 ரூபாய். பணம் முடியாதவர்கள் ஒரு நாள் சித்தாள் வேலைக்கு வந்தாலும் போதும்.

உலக அஞ்சல் தினமான அக்டோபர் 9க்குள் கூரை ஏறிவிட வேண்டும். நன்கொடையைக் குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் அனுப்பலாம். வரவு செலவு சாவடிச் சுவரில் ஒட்டப்படும். தபால்காரரிடம் யாரும் பணம் கொடுத்தனுப்ப வேண்டாம். அவருக்கு இந்த வசூலில் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
கொட்டகைக் குழுவினர்