கோழிக்குஞ்சுகளுக்கு எல்.இ.டி. விளக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை வாங்கிப் புறக்கடையில் வளர்க்கும் குடும்பங்கள், அவற்றைச் சூடாக வைத்து வளர்க்கும் அடைப்பான புரூடரில் எந்த விளக்கைப் பொருத்துகின்றன என்பதைக் கவனிக்க வேண்டிய காலம் இது. 2015 ஜனவரியில் எல்.இ.டி. விளக்குகளை மலிவு விலையில் வழங்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு, வீடுகளிலும் கடைகளிலும் குண்டு பல்பின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துக்கொண்டன. மின்சாரம் மிச்சமாவதால் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், '60 வாட்டுக்குச் சமம்' என்று சொல்லி விற்கப்படும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில்தான் சமமானது. அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறினாலும், 9 வாட் அளவைத் தாண்டாது. அதன்கீழ் விடப்படும் குஞ்சுகள் நல்ல வெளிச்சத்தில் குளிரில் நடுங்குகின்றன.

பஞ்சு போன்ற மென்மயிர் உதிர்ந்து இறகு முளைக்கும்வரை குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாய்க்கோழியின் அணைப்புக்கு ஈடாக, முதல் வாரத்தில் குஞ்சுகள் நிற்கும் உயரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது பண்ணையாளர்கள் நெடுநாளாகப் பின்பற்றும் கணக்கு. 50 குஞ்சுகளுக்கு 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுவதைவிட 60 வாட் பல்பு இரண்டைத் தொங்கவிடுவதே நல்லது. நள்ளிரவில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றொன்று விடியும்வரை காப்பாற்றும். குஞ்சுகள் வந்து இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டு, தரையில் பரப்பிய உமியும் சூடேறியிருக்கும்படி செய்ய வேண்டும். குஞ்சுகளைச் சுற்றி வைக்கும் தடுப்புத் தகட்டை வட்டமாக நிறுத்துவதும் முக்கியம். மூலை இருந்தால் குளிரும் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டி இறந்துவிடும்.

வெப்பமானி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குஞ்சுகள் விளக்கின்கீழ் நெருக்கியடித்துக்கொண்டு விடாமல் கத்தினால் வெப்பம் போதவில்லை. தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி. எங்கும் பரவலாக நின்று தீனி பொறுக்கினால் அளவு சரி. இந்த அடையாளங்களைக் கொண்டு பல்பை ஏற்றியும் இறக்கியும் வைத்தால் போதும். சித்திரை வெயிலில் பகல் முழுவதும் விளக்கை அணைத்தே வைக்க நேரலாம் என்பதையும், அதே கொட்டகையில் பின்னிரவில் அது மீண்டும் தேவைப்படும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மின்வெட்டு நேரத்தில் சிலர் கரி அடுப்பை உள்ளே வைத்துவிட்டுக் கொட்டகையைச் சாக்கால் முழுவதும் மூடிவிடுகிறார்கள். குளிர் கொல்லாத குஞ்சுகளையும் கரிப்புகை கொன்றுவிடும் என்பதால் காற்றுப் போக வழி அவசியம் இருக்க வேண்டும். தூங்கும் அறையிலேயே குஞ்சுகளை வைத்திருப்பவர்களுக்கு இதனால் ஏற்படும் ஆபத்து இன்னும் பெரிது.

குளிரில் ஒடுங்கிய குஞ்சு தீனியும் தண்ணீரும் எடுக்காமல் சோர்ந்து, ஓரிரு நாளில் மடிகிறது. வளர்ப்பவர்களோ நோய் என்று எண்ணி, யாரிடமும் கேட்காமல் மருந்து வாங்கித் தண்ணீரில் கலக்கிறார்கள். விளக்கைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. கடன் வாங்கிக் குஞ்சு வாங்கும் பெண்களுக்கு இது சிறிய இழப்பன்று.

ஆகவே, ஒரு நாள் குஞ்சுகளை விற்கும் பொரிப்பகங்கள் 'வெப்பம் தரும் குண்டு பல்பு, குஞ்சுக்கு 2 வாட்; எல்.இ.டி. உதவாது' என்ற வாசகத்தைப் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். கால்நடை மருந்தகங்களில் இதே செய்தியை மார்கழிக்கு முன்பே எழுதி வைக்கக் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆவன செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்ப்போர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.