கணக்கெடுப்பில் கழிப்பதற்கு முன் கீபோர்டைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருட முடிவில் பாடசாலைகளில் பொருட்கணக்கெடுப்பு நடக்கும்போது, சங்கீத அறை மூலையில் கிடக்கும் கீபோர்ட் ‘பாவனைக்கு உதவாதவை’ பட்டியலில் ஏறிவிடுகிறது. மலையகத்தின் தோட்ட வாசிகசாலைகளிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் இப்படி ஒதுக்கப்பட்ட கருவிகள் உண்டு. பல கருவிகளில் பழுது சிறியது. அரை நாள் வேலையில் எழும்பக்கூடியதைக் கழிவாகக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு வேறு வாங்கப் பணம் தேடுவது பெரிய இழப்பு.

‘ஒன் ஆகவில்லை’ என்று சொல்லப்படும் கருவியில் முதலில் பார்க்க வேண்டியது அடாப்டரை. யமஹா பிஎஸ்ஆர் வகைகளில் பலவற்றுக்கு 12 வோல்ட், பிளக்கின் நடுமுனை நேர் (+). பழைய கேசியோக்களில் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர் (−). பார்வைக்குப் பிளக் ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றின் அடாப்டரை மற்றதில் செருகிவிடுகிறார்கள். பெரும்பாலும் பாதுகாப்பு டயோடோ சிறிய பியூஸோ போவதோடு சேதம் நின்றுவிடும். அதை மாற்றினால் கருவி உயிர் பெறும். மல்டிமீட்டரில் பார்க்கும்போது, பழைய டிரான்ஸ்போமர் வகை 9 வோல்ட் அடாப்டர் சுமை இல்லாமல் 12க்கு மேலும் காட்டும். அது பழுதல்ல.

ஜப்பானிலிருந்து பாவித்த பொருளாக வரும் பெரிய சிந்தசைசர்களில் (ஒலியை மின்சுற்றால் உருவாக்கி, விரும்பியபடி மாற்ற விடும் கீபோர்ட்கள்) கதை வேறு. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்றிருக்கும். நமது சுவரில் வருவது 230. நேரே செருகினால் பியூஸ் போகும், சில நேரம் டிரான்ஸ்போமரும் கருகும். பியூஸ் மட்டும் போயிருந்தால் அதே அம்பியரில் அதே வகையைப் போடுங்கள். வெள்ளித்தாள் சுற்றுவது தீப்பிடிக்க வழி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் வாங்கும்போது 110 அல்ல, 100 வோல்ட் தருவதைக் கேட்டு வாங்க வேண்டும். கூடுதலான அந்த 10 வோல்ட், உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை மணிக்கணக்கில் சூடாக்கும். ஒரு கருவிக்கு 100 விஏ திறனுள்ள டிரான்ஸ்போமர் தாராளம்.

பேட்டரிப் பெட்டியில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், எந்த வகை பேட்டரி என்று பார்த்த பிறகே கை வையுங்கள். அல்கலைன் கசிவு காரம், அதற்கு வினாகிரி தொட்ட பஞ்சு. சாதாரண கார்பன்-சிங்க் கசிவு அமிலம், அதற்கு நீரில் கரைத்த அப்பச்சோடா. பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டு, கறுத்த ஸ்பிரிங்கைச் சுரண்ட வேண்டும். 1981 இல் வந்த கோர்க் பொலிசிக்ஸ் சிந்தசைசரில் நினைவகத்துக்கான நிக்கல்-கட்மியம் பேட்டரி சர்க்கிட் போர்டிலேயே இருப்பதால், கசிந்தால் செம்புப் பாதைகளையே தின்றுவிடும். அந்தக் கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள்.

சில கட்டைகள் மட்டும் பேசவில்லை என்றாலோ, மெதுவாகத் தொட்டாலும் அலறினாலோ, அது நம் மலைக்காற்றின் ஈரமும் தூசியும் செய்த வேலை. கட்டைக்குக் கீழே இறப்பர் குமிழில் இரண்டு கார்பன் பொட்டுகள் உண்டு. இரண்டும் தொடும் நேர இடைவெளியைக் கொண்டே தொடுகையின் வேகத்தைக் கருவி அறிகிறது. ஒன்றில் அழுக்குப் படிந்தால் கணக்குத் தவறும். பின் திருகுகளைக் கழற்றி, கட்டைகளை எடுத்து, இறப்பர் பட்டியை உரித்து, பொட்டுகளையும் போர்டின் கறுப்புத் தடங்களையும் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். சாண்ட்பேப்பர் பட்டால் கார்பன் போய்விடும். இது திரும்பி வராத சேதம். பட்டியைத் திரும்ப வைக்கும்போது அதன் முளைகள் எல்லாம் துளைகளில் முழுதாக இறங்க வேண்டும். சுவர் மின்சாரம் நேரே போகும் கருவியைத் திறப்பதானால் பிளக்கைக் கழற்றி, மின்னைத் தேக்கிவைக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என மீட்டரால் பார்த்த பிறகே கை வைக்கலாம்.

1984 இன் ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரில் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தும்போது ஆறு முறைக்கு ஒருமுறை ஒலி விடுபட்டால், குற்றம் கட்டையில் இல்லை. முறைவைத்து ஒலிக்கும் ஆறு குரல் சில்லுகளில் ஒன்று செத்திருக்கிறது. மாற்றுச் சில்லுகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன.

யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்தது 1983 இல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சவுனிங் கண்டறிந்த எஃப்எம் முறையில் (ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து ஒலி உண்டாக்குவது) ஒலிப்பது. அதன் 32 ஒலிகளையும் ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் காக்கிறது. 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் ஒலிகள் அழியும் என்பதால், முன்னதாகவே மிடி (இசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் இணைப்பு) வழியாகக் கணினிக்கு எடுத்துவிட வேண்டும். முழுத் தொகுதியும் 4104 பைட். மலிவான யூஎஸ்பி-மிடி கேபிள்கள் இவ்வளவு நீளமான செய்தியை இடையில் விட்டுவிடுவது உண்டு. வந்த கோப்பின் அளவைச் சரிபார்த்த பிறகே, பேட்டரியைக் கழற்ற அதைப் பிடித்திருக்கும் ஈயத்தை உருக்குங்கள். இந்தக் கருவியில் சுரத்தை வளைக்கும் பிட்ச் வீலை இரண்டு அரைச்சுர அளவில் வைத்துப் பழகினால் கமகத்துக்குக் கை இறங்கும். மூச்சுக் கட்டுப்படுத்திக்கென்று இதில் தனித் துளையே உண்டு. நாதஸ்வரம் ஊதும் மாணவனுக்கு, ஊதும் அழுத்தத்தால் ஒலியை வளர்க்கவும் தேய்க்கவும் இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஒலிப் பகுதி முழுதாகவே செத்த கருவியையும் கழிக்க அவசரப்பட வேண்டாம். கட்டைகள் ஓடி, பின்னால் ஐந்து ஊசி மிடி துளை இருந்தால் அது இன்னும் வேறொன்றின் ஒலியை வாசிக்க உதவும் நல்ல கட்டுப்படுத்திதான். கருவியின் ‘அவுட்’ துளையில் யூஎஸ்பி-மிடி கேபிளின் ‘இன்’ முனையைச் செருகி, யூஎஸ்பி முனையை ஓடிஜி இணைப்பால் (கைப்பேசியில் யூஎஸ்பி செருக உதவும் சிறு துண்டு) கைப்பேசியில் போட்டால் இலவசச் செயலிகளே ஒலி தரும். ‘இன்’, ‘அவுட்’ மாறிச் செருகிவிட்டுக் கருவி போய்விட்டது என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது.

வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரையும் சீமெந்துத் தரையையும் தொடாமல், பலகை மேல், பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். மே முதல் செப்டெம்பர் வரையான மழை மாதங்களில் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே காயும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும் நாட்களில் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும்.

அதிபர்களிடமும் வலயக் கல்விப் பணிமனைகளிடமும் நாங்கள் கேட்பது இதுதான்: கீபோர்டைக் கழிவுப் பட்டியலில் எழுதும் முன், அடாப்டர், பேட்டரிப் பெட்டி, பியூஸ், மிடி துளை இவற்றை ரேடியோ திருத்தும் ஒருவரைக் கொண்டு பார்த்து, முடிவைப் பட்டியலில் குறிப்பிடச் செய்யுங்கள். ஒவ்வொரு கருவியின் அடாப்டரையும் அதன் கைப்பிடியிலோ பின்பக்கத்திலோ கட்டி, வோல்ட் அளவையும் நடுமுனை நேரா எதிரா என்பதையும் அழியாத மையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மின்னிசைக் கருவிகள் திருத்துவோர்,
ஹட்டன்