நல்ல போடியாரும் சுதந்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமத்துவத்தைக் கூட்டினால் சுதந்திரம் குறையும் என்று சென்ற இதழ்க் கட்டுரை கணக்குப் போட்டிருந்தது. சமத்துவத்துக்காக வாதாடிய ரோல்ஸையும் தனிமனித உரிமைக்காக வாதாடிய நோசிக்கையும் எதிரெதிரே நிறுத்தியது சரி. ஆனால் பிறர் குறுக்கே வராமல் இருப்பதுதான் சுதந்திரம் என்று எடுத்துக்கொண்டால் மட்டுமே அந்தக் கணக்குச் சரிவரும். 1958இல் மெய்யியலாளர் ஐசாயா பெர்லின் தன் ஒக்ஸ்ஃபோர்ட் உரையில் 'எதிர்மறைச் சுதந்திரம்' என்றது அதைத்தான். 1997இல் இன்னொரு மெய்யியலாளர் பிலிப் பெட்டிட் இதற்கு மாறாக எழுதினார்: எசமான் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், நினைத்த நேரம் தலையிடும் அதிகாரம் அவன் கையில் இருக்கும்வரை அடிமை அடிமைதான். கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

என் அம்மப்பா மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு போடியாரின் (பெரிய வயற்காணிக்காரரின்) வயலைப் பங்குக்குச் செய்தவர். போடியார் தங்கமான மனிசன். சூடடித்துப் பொலி அளக்கும்போது ஒரு மரைக்கால் கூடவே விழும். சித்திரை வருசத்துக்கு உடுப்பு வரும். ஒருநாளும் ஏசியதில்லை. போனால் 'இரும்' என்று கதிரையைக் காட்டுவாராம். அம்மப்பா திண்ணையோரம் நின்றே கதைத்துவிட்டு வருவார். மாமாவை டவுனில் படிக்கவிட ஆசைப்பட்டு, 'போடியார் என்ன நினைப்பாரோ' என்று மூன்று நாள் அவர் வீட்டுப் படலைவரை போய், கேட்காமலே திரும்பினாராம். கேட்டிருந்தால் 'ஓம்' என்றிருப்பார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. அம்மப்பாவுக்கும் அது தெரியாமலில்லை. அடுத்த போகம் வயல் தன் கையில் இருக்குமா என்பதுதான் தெரியாது.

அதே 1958இல் இங்கே இலங்கையில் விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். செய்கைக்காரரை நினைத்தபடி வயலைவிட்டு எழுப்ப முடியாது, அந்த உரிமை பிள்ளைகளுக்கும் சேரும் என்றது சட்டம். (சட்டம் வருமுன்னும் வந்தபின்னும் பல இடங்களில் காணிக்காரர் முந்திக்கொண்டு எழுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.) கட்டுரையாளரின் கணக்கில் இது காணிக்காரரின் சுதந்திரத்தில் கைவைத்த சட்டம். படலையடியில் நின்றவரின் சுதந்திரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவார்?

இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் வருமானத்தை மட்டும் அளக்காமல், யார் இருந்து கதைக்கிறார், யார் நின்று கதைக்கிறார் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மெய்யியலாளர் எலிசபெத் அண்டர்சன் 1999இல் சமத்துவம் எதற்கு என்று கேட்டு எழுதியது ஏறக்குறைய இதைத்தான். அப்புறம், அடுத்த முறை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டால் என் வயதுக்காரருக்கு உதவியாக இருக்கும்.

வாசகர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை